பேபி ஜேனை நான்கு வரியில் முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சினிமாப் பக்கத்தில் 'வாட் எவர் ஹாப்பண்ட் டு பேபி ஜேன்?' என்ற 1962ஆம் வருடத்து ஹாலிவுட் படத்தைப் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த படம், தமிழில் அதைப் பற்றி யாரும் அதிகமாக எழுதுவதும் இல்லை, அதனால் ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். முடித்தபோது கோபம்தான் வந்தது. ஜேனாக நடித்த பெட்டி டேவிஸும் அவள் சகோதரி ப்ளான்ச்சாக நடித்த ஜோன் கிராஃபோர்டும் படப்பிடிப்பில் எப்படி அடித்துக்கொண்டார்கள், யார் யாரை நிஜமாகவே உதைத்தார், யார் இடுப்பில் எடையைக் கட்டிக்கொண்டு படுத்தார், பெப்சி மெஷின் எங்கே இருந்தது, ஆஸ்கர் மேடையில் யார் யாரைப் பழிவாங்கினார், இதுதான் கட்டுரை முழுக்க. படத்துக்கு மொத்தம் நான்கு வரி. அந்த நான்கிலும் ஜேன் என்கிற பாத்திரம் "ஒரு பைத்தியக்காரக் கிழவி" என்று ஒரே வார்த்தையில் முடிந்துபோயிற்று.

எழுதியவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உலகம் முழுக்க இந்தப் படத்தைப் பற்றி இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டு பெண்களை எதிரெதிராக நிறுத்தி, அவர்கள் அடித்துக்கொள்வதை டிக்கெட் போட்டு விற்றால் என்ன ஆகும் என்று காட்டுகிற படம் இது. அப்படிப்பட்ட படத்தையே அந்த முறையில் விற்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் 1917இல், ஒரு வாடெவில் அரங்கத்தில் ஆரம்பிக்கிறது. வாடெவில் என்றால் பாட்டு, ஆட்டம், வித்தை, சிரிப்பு எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் காட்டிய அன்றைய அமெரிக்க மேடை நிகழ்ச்சி, பிற்பாடு சினிமா வந்து அதை விழுங்கிவிட்டது. அந்த மேடையில் பொன்னிறச் சுருள் முடியோடு ஒரு சின்னப் பெண், பேபி ஜேன் ஹட்சன், இறந்துபோன அப்பாவுக்குக் கடிதம் எழுதுவதாக ஒரு பாட்டுப் பாடுகிறாள். நிஜ அப்பா உயிரோடு அதே மேடையில்தான் நிற்கிறார். பாட்டு முடிந்ததும் ஜேன் மாதிரியே செய்த பொம்மை வெளியே விற்பனைக்கு இருக்கிறது என்று கூட்டத்துக்குச் சொல்கிறார்கள். நான் இந்த இடத்தில்தான் முதலில் பயந்தேன். ஒருவரும் கத்தவில்லை, ரத்தம் இல்லை, ஒரு தகப்பன் தன் பெண்ணை அவள் உயரத்துக்குப் பொம்மையாகச் செய்து விற்கிறான், அவ்வளவுதான்.

அப்புறம் மேடைக்குப் பின்வாசலில் நடக்கிற காட்சி. ரசிகர்கள் முன்னாலேயே ஜேன் ஐஸ்கிரீம் வேண்டும் என்று காலை உதைத்து அடம் பிடிக்கிறாள். சம்பாதிப்பது நான்தானே, எனக்கு வேண்டியதை நான் வாங்கிக்கொள்வேன் என்பது அவளுடைய நியாயம், அப்பாவால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை, வாங்கிக் கொடுக்கப் போகிறார். ஓரமாக அம்மாவோடு நிற்கிற இன்னொரு பெண் குழந்தை ப்ளான்ச். ஒருநாள் உனக்கும் காலம் வரும், அப்போது இவர்கள் இன்று உன்னிடம் நடந்துகொள்வதைவிட நீ இவர்களிடம் நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும் என்று அம்மா அவளிடம் சொல்கிறாள். மறக்க மாட்டேன் என்கிறாள் ப்ளான்ச். அந்தச் சின்ன முகம் அதைச் சொல்கிற விதத்தைப் பார்த்தால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்காகத் தெரியாது, மனசுக்குள் வேறு எதையோ குறித்துவைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். படத்தில் பிறகு வருகிற இரண்டு மணி நேரத்துக்கும் விதை இந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் இந்தக் குழந்தைகள் இரண்டு பேரும் வரவே இல்லை.

அடுத்து 1935. இப்போது ப்ளான்ச் பெரிய சினிமா நட்சத்திரம், ஜேன் நடிக்கத் தெரியாத குடிகாரி. ப்ளான்ச் தன் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், தன்னை வைத்து ஒரு படம் எடுத்தால் ஜேனை வைத்தும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று. ஸ்டூடியோ ஆட்கள் ஜேன் நடித்ததைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேலி செய்கிறார்கள். அங்கே திரையில் ஓடுவது பெட்டி டேவிஸ் 1933இல் நிஜமாகவே நடித்த 'பாராசூட் ஜம்ப்பர்', 'எக்ஸ்-லேடி' படங்களின் துண்டுகள். இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஒரு நடிகை, தன் இளமைக்காலப் படங்களை "மோசமான நடிப்புக்கு உதாரணம்" என்று காட்ட விட்டிருக்கிறார். இப்படி ஒரு துணிச்சலை வேறு எந்தப் பெரிய நட்சத்திரத்திடமும் நான் பார்த்ததில்லை. சண்டைக் கதை எழுதுகிறவர்கள் இதை ஏன் எழுதுவதில்லை?

அன்றிரவு வீட்டு கேட் முன்னால் கார் விபத்து. யார் ஓட்டினார், யார் இறங்கினார் என்று முகத்தைக் காட்டாமல் கால்களையும் கைகளையும் மட்டும் காட்டுகிறார் இயக்குநர் ராபர்ட் ஆல்ட்ரிச். அது முடிந்த பிறகுதான் படத்தின் பெயரே வருகிறது. அதற்குப் பிறகு திரையில் 'நேற்று' என்று போடுகிறார்கள். ப்ளான்ச் இடுப்புக்குக் கீழே செயலிழந்து மாடி அறையில் சக்கர நாற்காலியில் இருக்கிறாள், ஜேன் அவளைப் 'பார்த்துக்கொள்கிறாள்'. ஜேன்தான் காரை ஏற்றினாள் என்று ஊர் நம்புகிறது. ஜேனும் அப்படியே நம்புகிறாள், போதையில் இருந்ததால் அவளுக்கு எதுவும் நினைவில்லை.

இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், படத்தின் பயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. பேய் கிடையாது, இருட்டு மூலையிலிருந்து எதுவும் பாயாது. லாஸ் ஏஞ்சல்ஸில் நல்ல வசதியான தெருவில் ஒரு வீடு, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பட்டப்பகல். ஆனால் மாடி ஜன்னலில் கம்பி. கீழே இறங்க ஒரே படிக்கட்டு. கூப்பிட ஒரு மணி, அதை அழுத்தினால் வருவது ஜேன் மட்டும்தான். ஒரு டெலிஃபோன், அதையும் ஜேன் பிடுங்கிப் போட்டுவிடுகிறாள். படுக்கையில் இருக்கிற ஒருவருக்கு உலகம் எவ்வளவு சின்னதாகிவிடும் என்பது அப்படிப்பட்டவர்கள் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பெரியத்தை நெடுநாள் அப்படி இருந்தார், சாப்பாட்டு நேரம்தான் அவருக்குக் கடிகாரம், யாராவது படியேறி வருகிற சத்தம் கேட்டாலே முகம் மாறும். அதனால்தான் அந்த மூடி போட்ட சாப்பாட்டுத் தட்டுக் காட்சி என்னை அவ்வளவு பாதித்தது. முதலில் ப்ளான்ச் வளர்த்த கிளி செத்துப்போய் அந்தத் தட்டில் வருகிறது. இன்னொரு நாள் எலி. நடுவில் நல்ல சாப்பாடும் வருகிறது, ஆனால் பசியோடு இருப்பவளால் இனி மூடியைத் திறக்க முடியாது. ஒரு தட்டையும் ஒரு மூடியையும் வைத்துக்கொண்டு இவ்வளவு பயத்தைக் கொண்டுவந்த இன்னொரு காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். ஜேன் வெளியே போயிருக்கும்போது ப்ளான்ச் நாற்காலியை விட்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கைகளின் பலத்திலேயே ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். கீழே டெலிஃபோன். இங்கே இவள் இறங்குகிறாள், அங்கே ஜேன் காரில் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள், மாறி மாறிக் காட்டுகிறார்கள். ஃபோனை எடுத்து டாக்டரிடம் பேசிக்கொண்டே இருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் ஜேன் நிற்கிறாள். அடி, உதை எல்லாம் முடிந்த பிறகு ஜேன் அதே டாக்டருக்கு ஃபோன் செய்து ப்ளான்ச்சின் குரலிலேயே, வர வேண்டாம், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்கிறாள். எனக்கு உதையைவிட அந்தக் குரல்தான் பயங்கரமாக இருந்தது. சொத்து, செக்கில் போடுகிற கையெழுத்து, ரசிகர்களிடமிருந்து வரும் கடிதங்கள், கடைசியில் குரல், ஒவ்வொன்றாக ப்ளான்ச்சிடமிருந்து எடுத்துக்கொண்டே வருகிறாள் ஜேன். வீடு யாருடைய பணத்தில் வாங்கியது என்பதில்கூட இருவருக்கும் தகராறு, அப்பா தனக்காக வாங்கிய வீடு என்று ஜேன் நம்புகிறாள். உடன்பிறந்தவர்களுக்குள் வீட்டுப் பத்திரத்தை வைத்துச் சண்டை நடந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிற நமக்கு இது ஹாலிவுட் கதையாகவே தோன்றாது.

எல்வைராவை உங்கள் கட்டுரை மறந்தே போயிற்று. அந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிற கறுப்பினப் பெண், மெய்டி நார்மன் நடித்தார். அந்த வீட்டில் நடப்பது சரியில்லை என்று கண்ணால் பார்த்து வாயால் சொல்கிற ஒரே ஆள் அவர்தான், டாக்டரும் பக்கத்து வீட்டாரும் கண்டுகொள்ளாததை அவர் கண்டுகொள்கிறார், அதற்காகவே கொல்லப்படுகிறார். பாத்திரத்துக்கு எழுதிக் கொடுத்த வசனம் பழைய அடிமைக்காலப் பேச்சு மாதிரி இருக்கிறது என்று மெய்டி நார்மன் தன் வசனத்தைத் தானே மாற்றி எழுதினார். 1962இல் ஒரு கறுப்பின நடிகை ஹாலிவுட்டில் அப்படிச் செய்வது சின்ன விஷயம் இல்லை. படப்பிடிப்பில் நடந்ததைப் பற்றி எழுத இடம் இருந்தால் இதை எழுதியிருக்கலாம். இடம் இருந்தது, பெப்சி மெஷினுக்குப் போய்விட்டது.

ஜேனிடம் வருகிறேன். பழைய பாட்டை வைத்தே மறுபடி மேடை ஏற வேண்டும் என்று அவளுக்கு ஆசை, பேப்பரில் விளம்பரம் கொடுத்து எட்வின் ஃப்ளாக் என்கிற பியானோக்காரனை வரவழைக்கிறாள். விக்டர் புவோனோ நடித்த இந்த எட்வின், அம்மாவின் பிடியிலிருந்து வெளியே வராத பெரிய உடம்புக்காரன், வேலை வெட்டி இல்லாதவன், ஜேன் தருவதாகச் சொன்ன பணத்துக்காக அவள் பாட்டு பிரமாதம் என்று தலையாட்டுகிறான். புவோனோவுக்கு அப்போது 24 வயதுதான், துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. எட்வினும் அவன் அம்மாவும் வருகிற பகுதி கொஞ்சம் இழுவை என்று நானே ஒத்துக்கொள்வேன், பக்கத்து வீட்டு அம்மா வருகிற காட்சிகளிலும் பத்து நிமிடம் வெட்டியிருந்தால் படம் இன்னும் இறுகியிருக்கும். ஆனால் எட்வின் வருவதற்கு முன்னாலேயே, ஜேன் தனியாக அந்தக் குழந்தைப் பாட்டைப் பாடிப் பார்க்கிற ஒரு காட்சி இருக்கிறது. பாடிக்கொண்டே வருகிறவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிடுகிறாள். அலறுகிறாள். அந்த அலறலைக் கேட்ட பிறகும் ஒருவர் "பைத்தியக்காரக் கிழவி" என்று எழுத முடியும் என்றால் அவர் அந்தக் காட்சியில் கவனமாக இல்லை என்றுதான் நான் நினைப்பேன்.

அந்த முகத்தை பெட்டி டேவிஸ் தானே போட்டுக்கொண்டார். சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளை பவுடர், உதட்டைத் தாண்டி லிப்ஸ்டிக், கன்னத்தில் இதய வடிவ மச்சம். ஜேன் முகமே கழுவ மாட்டாள், நேற்றுப் போட்டதன் மேலேயே இன்று இன்னொரு பூச்சுப் போடுவாள் என்பது அவருடைய யோசனை. ஒளிப்பதிவு எர்னஸ்ட் ஹாலர். இவர் 'கான் வித் த விண்ட்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பெட்டி டேவிஸுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 'ஜெசபெல்' (1938), ஜோன் கிராஃபோர்டுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 'மில்ட்ரெட் பியர்ஸ்' (1945), இரண்டையும் படம் பிடித்தவர் இதே ஹாலர்தான். இரண்டு பேரையும் அழகின் உச்சத்தில் எப்படி வெளிச்சம் போட்டுக் காட்டுவது என்று தெரிந்த மனிதர், பல வருடம் கழித்து அதே முகங்களில் ஒரு சுருக்கத்தையும் மறைக்காமல் வெளிச்சம் போடுகிறார். கறுப்பு-வெள்ளையில் அது எவ்வளவு கொடூரமாகவும் எவ்வளவு நேர்மையாகவும் இருக்கிறது என்று படத்தைப் பார்த்தால்தான் புரியும்.

ஜோன் கிராஃபோர்டைப் பற்றி யாரும் நல்லபடியாக எழுதுவதே இல்லை, அது எனக்கு நெடுநாள் வருத்தம். பெட்டி டேவிஸ் கத்துகிறார், ஆடுகிறார், எல்லோர் கண்ணும் அங்கேயே போகிறது. கிராஃபோர்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கண்ணையும் குரலையும் மட்டும் வைத்துக்கொண்டு நடிக்க வேண்டும். டிவியில் தன் பழைய படம் ஓடுவதைப் பார்க்கும்போது (அதுவும் நிஜப் படம்தான், கிராஃபோர்ட் 1934இல் நடித்த 'சேடி மெக்கீ') அந்த முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பாருங்கள். ரொம்ப நல்லவள், ரொம்பப் பொறுமைசாலி, கொஞ்சம் அதிகமாகவே பொறுமைசாலி. முதல் தடவை பார்க்கும்போது அந்தப் பொறுமைக்காக அவள்மேல் பரிதாபம் வரும். இரண்டாம் தடவை பார்க்கும்போது அதே பொறுமை வேறு மாதிரி தெரியும். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முடிவைச் சொல்லியாக வேண்டும். படம் பார்க்காதவர்கள் தயவுசெய்து அடுத்த பத்தியை விட்டுவிட்டு அதற்கடுத்ததற்குப் போய்விடுங்கள்.

கடற்கரையில், பட்டினியாலும் சித்திரவதையாலும் சாகக் கிடக்கிற ப்ளான்ச் உண்மையைச் சொல்கிறாள். அன்றிரவு காரை ஓட்டியது அவள்தான். விருந்தில் எல்லோர் முன்னாலும் ஜேன் தன்னைப் போல நடித்துக் காட்டிக் கேலி செய்த ஆத்திரத்தில், கேட்டைத் திறக்க இறங்கிய ஜேன் மேல் காரை ஏற்றப் பார்த்தாள், ஜேன் தப்பிவிட்டாள், கார் கேட்டில் மோதி ப்ளான்ச்சின் முதுகெலும்புதான் உடைந்தது. அந்த உடம்போடு ஊர்ந்து காருக்கு முன்னால் வந்து கிடந்தாள், பழி ஜேன்மேல் விழுந்தது. அத்தனை வருடமும் செய்யாத குற்றத்தைச் செய்ததாக நம்பவைத்து ஜேனைத் தன் பணிவிடைக்கு வைத்துக்கொண்டவள் ப்ளான்ச். அப்படியானால் இவ்வளவு நாளும் நாம் சிநேகமாக இருந்திருக்கலாமே என்று ஜேன் கேட்கிறாள், கோபமே இல்லாமல், ஒரு குழந்தையைப் போல. நான் பார்த்த பயப் படங்களில் இந்த ஒரு கேள்விக்கு இணையாக எதுவும் இல்லை. அதன்பிறகு அவள் ஐஸ்கிரீம் வாங்கப் போகிறாள். 1917இல் கேட்ட அதே ஐஸ்கிரீம். போலீஸ் வருகிறது, கூட்டம் கூடுகிறது, கூட்டத்தைப் பார்த்ததும் தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஆட ஆரம்பிக்கிறாள். ப்ளான்ச் பிழைத்தாளா இல்லையா என்று ஆல்ட்ரிச் சொல்லவில்லை. வில்லி யார், பாவப்பட்டவள் யார் என்று இரண்டு மணி நேரம் நாம் போட்டுவைத்த கணக்கு கடைசிப் பத்து நிமிடத்தில் கலைந்துபோகிறது. இது எதிர்பாராத திருப்பத்துக்காக ஒட்டவைத்த கிளைமாக்ஸ் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் காட்சியில் அம்மாவிடம் ப்ளான்ச் சொன்ன பதிலை மறுபடி கேட்டுப் பாருங்கள், அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

இனி அந்த நிஜச் சண்டை. அது நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதில் சந்தேகம் இல்லை. உதை, எடை போன்ற கதைகள் பல வருடம் கழித்துப் பலர் வாய்மாறி வந்தவை, ஒவ்வொருவர் சொல்லும்போதும் கொஞ்சம் வளர்ந்தவை. ஆனால் அந்த இரண்டு பேரும் எந்த நிலையில் இந்தப் படத்துக்கு வந்தார்கள் என்று சொல்லாமல் சண்டையை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. ஐம்பது வயதைத் தாண்டிய நடிகைகளுக்கு அன்று ஹாலிவுட்டில் வேலையே கிடையாது. அவர்களோடு ஜோடியாக நடித்த ஆண்கள் அதே வயதில் பாதி வயதுப் பெண்களோடு காதல் காட்சிகளில் நடித்துக்கொண்டிருந்தார்கள். 1941இல் ஆஸ்கர் வழங்கும் அகாடமிக்கே முதல் பெண் தலைவராக இருந்த பெட்டி டேவிஸ், 1962 செப்டம்பரில் சினிமாத் தொழில் பத்திரிகையில் தனக்கு வேலை வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார், மூன்று குழந்தைகளின் தாய், விவாகரத்தானவள், முப்பது வருடப் பட நடிப்பு அனுபவம் என்று. கிராஃபோர்டின் கணவர், பெப்சி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர், 1959இல் இறந்துபோனார். இந்தப் படத்துக்கு மூலமான, ஹென்றி ஃபாரல் எழுதிய நாவல் 1960இல் வந்தது. நியூயார்க்கில் நாடகம் நடித்துக்கொண்டிருந்த டேவிஸை மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்து, நாம் இருவரும் சேர்ந்து இதைச் செய்யலாம் என்று கேட்டது கிராஃபோர்ட்தான். அந்த இடத்தை உங்கள் கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. பகையாளி என்று நீங்கள் எழுதியவர், தானே நடந்துபோய்க் கூப்பிட்டிருக்கிறார்.

பணம் போட ஆள் கிடைக்காமல் ஆல்ட்ரிச் அலைந்தார். இருவரும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டார்கள். ஜூலையில் ஆரம்பித்து செப்டம்பரில் முடித்து அக்டோபர் கடைசியில் வெளியிட்டார்கள். போட்ட பணத்தைப் போல் பல மடங்கு வசூல். பிறகு என்ன ஆயிற்று? இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வெற்றியைக் கொண்டுவந்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. யார் பெரியவர் என்றுதான் எழுதினார்கள், அது விற்றது, விற்க விற்க இன்னும் எழுதினார்கள். சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்கு இருவரில் டேவிஸின் பெயர் மட்டும் போனது. வாங்கியிருந்தால் மூன்று ஆஸ்கர் வாங்கிய முதல் நடிகை அவராகத்தான் இருந்திருப்பார். ஆன் பேங்க்ராஃப்டுக்குக் கிடைத்தது, அவர் விழாவுக்கு வர முடியாததால் அவர் சார்பில் மேடையேறி வாங்கியவர் கிராஃபோர்ட். டேவிஸ் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. இது நடந்ததுதான், கிராஃபோர்ட் செய்தது நல்ல காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அரைப் பக்கக் கட்டுரையில் கால் பக்கம் அந்த ஒரு இரவுக்குப் போக வேண்டுமா?

1964இல் இருவரையும் மறுபடி சேர்த்து ஆல்ட்ரிச் 'ஹஷ்... ஹஷ், ஸ்வீட் சார்லட்' எடுக்க ஆரம்பித்தார். கிராஃபோர்ட் உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், அவருக்குப் பதில் வந்தவர் ஒலிவியா டி ஹாவிலண்ட். அவருடைய வாழ்க்கையையும் இப்படித்தான் விற்றார்கள். அவருடைய தங்கை ஜோன் ஃபான்டெய்னும் பெரிய நடிகை, 1942 ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகைப் பட்டியலில் அக்கா பெயரும் தங்கை பெயரும் இருந்தன, தங்கை ஜெயித்தார், அதிலிருந்து எழுபது வருடம் பத்திரிகைகளுக்கு வேறு செய்தியே தேவைப்படவில்லை. அக்கா தங்கை இருவருமே முதன்மை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கிய ஒரே குடும்பம் அவர்களுடையது, அதை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு, அவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நடிகர்களை ஸ்டூடியோ வருடக்கணக்கில் கட்டிப்போடக் கூடாது என்று வார்னர் பிரதர்ஸை எதிர்த்து வழக்குப் போட்டு 1944இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தவர் டி ஹாவிலண்ட், அந்தத் தீர்ப்பு இன்றும் அவர் பெயரால் நிற்கிறது. அதே ஸ்டூடியோவை எதிர்த்து அதற்கு முன்னாலேயே 1936இல் லண்டனில் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றவர் பெட்டி டேவிஸ். இந்தப் பெண்கள் உண்மையில் யாரோடு சண்டை போட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் அந்த வழக்குகளைப் பற்றி எழுதலாம், சுவாரசியத்துக்கும் குறைவிருக்காது.

2017இல் இந்தச் சண்டையை வைத்து 'ஃபியூட்' என்று ஒரு டிவி தொடர் வந்தது, ஜெசிகா லாங் கிராஃபோர்டாகவும் சூசன் சரண்டன் டேவிஸாகவும் நடித்தார்கள். உங்கள் கட்டுரையாளர் சொன்ன சம்பவங்கள் பலவும் அந்தத் தொடரில் வருபவைதான். சரி, அதில் தப்பில்லை, ஆனால் அந்தத் தொடர்கூட ஸ்டூடியோ முதலாளியும் கிசுகிசு எழுதுகிறவர்களும் எப்படி இருவரையும் மூட்டிவிட்டார்கள் என்று காட்டியது, கட்டுரையில் அந்தப் பாதி மட்டும் விடுபட்டுப்போயிற்று.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, இந்தப் படத்தைப் பற்றியே மறுபடி ஒரு கட்டுரை போடுங்கள், காட்சிகளைப் பற்றி, ஒளிப்பதிவைப் பற்றி, இரண்டு பேரின் நடிப்பைப் பற்றி, படம் பார்த்த ஒருவரை வைத்து. 2021இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாக்கிற படம் அது, அரைப் பக்கம் கொடுக்கத் தகுதி இருக்கிறது. கறுப்பு-வெள்ளை, இரண்டேகால் மணி நேரம் என்று நம் வாசகர்கள் ஓடிவிட மாட்டார்கள், நம் ஊரில் கறுப்பு-வெள்ளைப் படங்களை இன்றும் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

இரண்டாவது, ஒரு திருத்தம். படம் ஆஸ்கரிலிருந்து வெறுங்கையோடு திரும்பியது என்று உங்கள் கட்டுரை முடிகிறது. அது தவறு. ஐந்து பரிந்துரைகளில் ஒன்று கிடைத்தது, கறுப்பு-வெள்ளைப் படங்களுக்கான ஆடை வடிவமைப்பு விருது, வாங்கியவர் நார்மா கோச். குழந்தை ஜேன் மேடையில் போட்ட கவுனின் சாயலிலேயே வயதான ஜேனுக்குத் தைத்துப் போட்டவர் அவர். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அவர் பெயரோடு ஒரு வரித் திருத்தம் வந்தால் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகி,
திருநெல்வேலி